காற்றும் வெயிலும் முதுகில் படட்டும்: நீண்ட ஜூம் லென்ஸில் பறவைப் படங்கள்

150-600 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸை முதன்முதலாகக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் ஷட்டர் வேகம், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) என்று எண்களிலிருந்தே தொடங்குகிறார்கள். இராமநாதபுரம் கடற்கரையில் அதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டியது, எந்தப் பக்கம் நிற்பது என்பதுதான். பறவைகள் காற்றை எதிர்த்தே மேலெழும். காற்றை எதிர்த்தே இறங்கும். டிசம்பர், ஜனவரியில் இங்கு வீசுவது வடகிழக்குக் காற்று. சூரியன் உதிப்பது தென்கிழக்கில். ஆகவே காலையில் பறவைக் கூட்டத்துக்குக் கிழக்கே, காற்றும் வெயிலும் முதுகில் படும்படி நின்றால், எழும்பும் பறவை முகத்தில் வெளிச்சம் விழ ஏறத்தாழ உங்கள் பக்கமாகவே வரும். மாலையில் வெயிலுக்காக மேற்கே போய் நின்றால் கிடைப்பவை வால் படங்கள்தாம். என் முதல் பருவம் முழுவதும் நான் அவற்றைத்தான் சேர்த்தேன்.

அடுத்தது பழக்கம். பூநாரையை (ஃபிளமிங்கோ) தேடிப் போவதற்கு முன், பாம்பன் பக்கம் மீன் இறக்கும் துறைகளில் வட்டமிடும் செம்பருந்துகளில் கை பழகுவது நல்லது. நிதானமாகப் பறப்பதால் தவறவிட்டாலும் அடுத்த சுற்றில் திரும்பி வரும். எடுத்தவுடன் 600-க்குப் போக வேண்டாம். 200 அல்லது 300-இல் வைத்துப் பறவையைச் சட்டத்துக்குள் பிடித்து, அதனுடன் இடுப்பிலிருந்து உடலைத் திருப்பிக்கொண்டே ஜூமை மெல்ல நீட்டுங்கள். இடது உள்ளங்கை லென்ஸின் முன்பகுதியைக் கீழிருந்து தாங்க, முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும்.

கேமராவை மேனுவலில் வைத்து, பறக்கும் பறவைக்கு ஷட்டரை 1/2000 நொடியாகவும், லென்ஸ் துளையை (அப்பெர்ச்சர்) எஃப் 6.3 ஆகவும் அமைத்து, ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விடுங்கள். ஃபோகஸ், நகரும் பறவையை விடாமல் பின்தொடரும் தொடர் முறையில் இருக்கட்டும். நின்று மேயும் பறவைக்கு 1/800 போதும். ஆனால் தலைகீழாகக் கவிழ்த்த அலகால் நீரை அலசும் பூநாரை தலையை உயர்த்தும் கணத்தில் அலகிலிருந்து சொட்டும் துளிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டுமென்றால், அங்கும் 1/2000 தேவை. கேமரா எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே முயலும். அதனால் கருநீல நீரின் முன் நிற்கும் வெள்ளை இறகு வெளுத்துப்போகும், வெளிறிய வானத்தின் முன் பறக்கும் செம்பருந்து கறுத்துப்போகும். முன்னதற்கு வெளிச்சத் திருத்தத்தை (எக்ஸ்போஷர் காம்பன்சேஷன்) ஒரு படி (ஸ்டாப்) குறையுங்கள். பின்னதற்கு ஒரு படி கூட்டுங்கள்.

குளிர்காலத்தில் பூநாரைகளைக் காண, இராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடி செல்லும் சாலையில் கோதண்டராமர் கோயிலை ஒட்டிய ஆழமற்ற நீர்ப்பரப்பு ஏற்ற இடம். 2025 ஜூன் மாதம் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்கென்றே சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. விடிந்ததும் அங்கே இருங்கள். ஒன்பதரை மணிக்குப் பிறகு சூடேறிய மணலிலிருந்து எழும் கானல், தொலைவிலுள்ள பறவையை நீருக்கடியில் கிடப்பதுபோல் நெளியச் செய்துவிடும். எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸானாலும் அதைத் திருத்த முடியாது. இது தெரியாத காலத்தில், நடுப்பகலில் எடுத்த நானூறு மங்கலான படங்களோடு மதுரைக்குப் போய், லென்ஸ் பழுது என்று பழுதுபார்ப்பவரிடம் வாதாடியிருக்கிறேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சுவரில் தொங்கிய நாட்காட்டியை என் லென்ஸிலேயே படமெடுத்துக் காட்டினார். தேதிகளுக்குக் கீழிருந்த பொடி எழுத்துகூடத் துல்லியமாக இருந்தது.

கூட்டத்தை நெருங்கும்போது நேராக நடக்காமல் சாய்வாக, இடையிடையே நின்று செல்லுங்கள். மேய்ந்துகொண்டிருந்தவை ஒருசேரக் கழுத்தை நிமிர்த்தி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால், நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள். உடனே உட்கார்ந்துவிடுங்கள், அல்லது பின்வாங்குங்கள். பறக்கும் படத்துக்காகக் கை தட்டி எழுப்புவோரை இங்கு அடிக்கடி பார்க்கிறேன். நெடுந்தூரம் பறந்து வந்து மேயும் பறவையின் தெம்பை அது வீணாக்குகிறது. அப்படி எழும் பறவை எதிர்ப்பக்கமே திரும்புவதால் படமும் தேறாது.

மணலில் லென்ஸைக் கழற்றி மாற்றாதீர்கள். அறைக்குத் திரும்பியதும், நன்னீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் லென்ஸின் உடலைத் துடைத்து உப்பைப் போக்குங்கள். நீட்டிய குழாயைத் துடைத்து முடிக்கும் முன் உள்ளே இழுத்துவிட்டால், அதில் ஒட்டியிருக்கும் மணலும் சேர்ந்து உள்ளே போய்விடும்.