தண்ணீரும் மின்சாரமும் வீட்டில் எங்கே வீணாகின்றன? அளந்து பார்த்து மிச்சப்படுத்தும் முறை

குழாயை மூடு, விளக்கை அணை என்று சொல்லாத ஆள் இல்லை. அதெல்லாம் செய்தும் பில் அப்படியே வருகிறதென்றால், கண்ணில் படாத ஏதோ ஓர் இடத்தில் வீணாகிறது என்று பொருள். அதனால் முதலில் அளப்போம், பிறகு குறைப்போம். ஒரு 10 லிட்டர் வாளி, மில்லிலிட்டர் கோடு போட்ட குவளை, கைபேசிக் கடிகாரம், கொஞ்சம் உணவு நிறப்பொடி இருந்தால் போதும்.

படி 1: ஒழுகல் இருக்கிறதா?

வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் கடைசி இலக்கம் வரை குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீரைத் தொடக்கூடாது. இரவில் படுக்கும் முன் குறித்தால் இது எளிது. எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. மீட்டர் இல்லாத வீட்டில், தொட்டிக்கு நீர் வரும் வழியை மூடிவிட்டு உட்சுவரில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம்.

எண் நகர்ந்திருந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கழிப்பறை ஃப்ளஷ் தொட்டியைத்தான். அது சத்தமில்லாமல் ஒழுகும். தொட்டிக்குள் நிறப்பொடியைக் கரைத்துவிட்டு, அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விடுங்கள். கீழே பீங்கானில் நிறம் தெரிந்தால், பெரும்பாலும் தொட்டியின் அடியில் உள்ள ரப்பர் மூடி தேய்ந்திருக்கும். அதை மாற்றுவது சின்ன வேலை.

சொட்டும் குழாயின் கீழே குவளையைப் பத்து நிமிடம் வைத்து, சேர்ந்த அளவை 144-ஆல் பெருக்குங்கள். அதுதான் ஒரு நாள் இழப்பு. வெறும் 30 மில்லி சேர்ந்தாலே ஒரு நாளைக்கு நாலே கால் லிட்டருக்கு மேல்; ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 1,600 லிட்டர். பெரும்பாலும் வாஷரை மாற்றினால் நின்றுவிடும்.

படி 2: குழாயின் வேகத்தை அளங்கள்

வாளியை ஷவரின் கீழே வைத்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 600-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். 50 நொடியில் நிரம்பினால் 12 லிட்டர். இது அதிகம். நிமிடத்துக்கு 7 அல்லது 8 லிட்டர் விடும் ஷவர் தலையில் வசதியாகவே குளிக்கலாம்.

சமையலறைக் குழாயின் முனையில் திருகும் ஏரேட்டர், தண்ணீரோடு காற்றைக் கலந்துவிடுவதால் கை கழுவும்போது குறைவு தெரியாது. ஆனால் வாளி பிடிக்கும் குழாயில் ஏரேட்டர் போடுவதில் பொருளில்லை. பத்து லிட்டர் பிடிக்கப் பத்து லிட்டர்தானே வேண்டும்! நேரம்தான் கூடும்.

படி 3: வெந்நீர்

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள். தண்ணீரும் மின்சாரமும் ஒன்றாகச் செலவாகும் இடம் இது.

10 லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை 25 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 0.29 யூனிட் மின்சாரம் வேண்டும். அதே மின்சாரத்தில் 9 வாட் எல்இடி பல்பு 32 மணி நேரம் எரியும். நாள் முழுக்க விளக்கு அணைத்துக் கிடைக்கும் மிச்சம், அரை வாளி வெந்நீர் கூடுதலாகப் பிடித்தால் பெருமளவு போய்விடும்.

ஷவர் கணக்கையும் பாருங்கள். நிமிடத்துக்கு 12 லிட்டர் விடும் ஷவரில் எட்டு நிமிடக் குளியலுக்கு 96 லிட்டர். 7 லிட்டர் ஷவரில் 56. மிச்சமாவது 40 லிட்டர் தண்ணீர். அதைச் சூடாக்காததால் ஒரு யூனிட்டுக்கு மேல் மின்சாரமும். ஓர் ஆள், ஒரு குளியல். (உடனடியாகச் சூடாக்கும் சில ஹீட்டர்கள் நீரோட்டம் மிகவும் குறைந்தால் இயங்காது. ஷவர் வாங்கும் முன் ஹீட்டரின் குறிப்பேட்டைப் பார்த்துவிடுங்கள்.)

வெந்நீர் வரும் வரை வழிந்தோடும் குளிர்ந்த தண்ணீரை வாளியில் பிடித்துக்கொள்ளுங்கள். தொட்டி வைத்த கீசரை 60 டிகிரிக்கு மேல் வைக்கத் தேவையில்லை. அதற்காக 40-க்கு இறக்கிவிடவும் வேண்டாம். அந்த வெதுவெதுப்பில் லெஜியோனெல்லா என்னும் கிருமி பெருகும். குளிப்பதற்குச் சற்று முன் போட்டு, முடிந்ததும் அணைப்பது நல்லது.

துணி துவைக்கும் இயந்திரத்தில் ஹீட்டர் இருந்தால், சாதாரண அழுக்குக்குக் குளிர்ந்த நீரே போதும். சூடாக்கும் வேலைதான் அங்கே மின்சாரத்தை அதிகம் தின்கிறது. துணி நிறையச் சேர்ந்த பிறகு போட்டால் தண்ணீரும் மிச்சம்.

படி 4: ஓசையில்லாமல் ஓடும் மின்சாரம்

மின் மீட்டரில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மின்னும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்பது மீட்டரின் முகப்பிலேயே அச்சாகியிருக்கும்; 3200 என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ் உட்பட எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மற்றவற்றின் பிளக்குகளைக் கழற்றாமலும் சுவர் சுவிட்சை அணைக்காமலும் அதைக் கவனியுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை மின்னினால் சுமார் 19 வாட் சும்மா போகிறது. ஆண்டு முழுக்க ஓடினால் 160 யூனிட்டைத் தாண்டும்.

இனி பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றினால் மின்னல் நிதானமாகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் மாட்டுவது செட்-டாப் பாக்ஸ், பழைய ஒலிபெருக்கி, மேசைக் கணினி. கைபேசி சார்ஜரைக் கழற்றச் சொல்லும் அறிவுரையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இப்போது வரும் சார்ஜர்கள் சும்மா இருக்கும்போது இழுப்பது மிகச் சொற்பம். சோதனை முடிந்ததும் ஃபிரிட்ஜை மறக்காமல் போட்டுவிடுங்கள்.

படி 5: ஃபிரிட்ஜ், மின்விசிறி, அடுப்பு

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் கதவின் ரப்பர் பட்டை தளர்ந்திருக்கிறது. உள்ளே 4 டிகிரி, ஃப்ரீசரில் கழித்தல் 18 போதும்.

மின்விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. நம் உடம்பு வியர்வையை உலர்த்திக்கொள்ள உதவுகிறது. ஆளில்லாத அறையில் அது சுற்றி ஒரு பயனுமில்லை. ஏசி இருந்தால் விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டு, இரண்டொரு டிகிரி கூட்டி வையுங்கள். வடிகட்டியை அவ்வப்போது கழுவுங்கள்.

அடுப்பில் தண்ணீர் கொதித்ததும் தீயைக் குறைத்து மூடி போடுங்கள். தீயைக் கூட்டினால் கொதிநீர் மேலும் சூடாவதில்லை, ஆவியாகத்தான் போகும்.

ஆர்ஓ வடிகட்டியிலிருந்து வெளியேறும் நீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் எடுத்துக்கொள்ளலாம். செடிகளுக்கு எப்போதும் ஊற்றிவந்தால் மண்ணில் உப்புச் சேரும்.

படி 6: மறுபடி அளவு

ஒரு மாதம் கழித்து இரண்டு மீட்டர்களையும் பார்த்து, செலவை நாட்களால் வகுத்து எழுதி வையுங்கள். முந்தின மாதத்தோடு ஒப்பிடுவதைவிட, பழைய பில் இருந்தால் சென்ற ஆண்டின் இதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். வெயிலும் குளிரும் கணக்கைப் புரட்டிவிடும். விருந்தினர் வந்து தங்கிய மாதத்தை விட்டுவிடலாம்.