பிளெண்டரில அனிமேஷன் பழகோணுமா? முதல்ல ஒரு பனம்பழத்தை விழுத்துங்கோ

பிளெண்டர் எண்ட 3டி அனிமேஷன் சொஃப்ட்வெயரை டவுன்லோட் பண்ணின கையோட கன பெடியள் டிராகன், ரோபோ எண்டுதான் தொடங்குவினம், ரெண்டு கிழமையில அலுத்துப்போய் சொஃப்ட்வெயரையே அழிச்சுப் போடுவினம். அதெல்லாம் பிறகு பாப்பம். முதல்ல ஒரு பனம்பழம் மரத்தில இருந்து விழவேணும், அவ்வளவும்தான்.

பகிடி எண்டு நினைக்காதேங்கோ. 1986ல பிக்சார் எண்ட அனிமேஷன் கொம்பனி ஆக்கள் செய்த லக்ஸோ ஜூனியர் எண்ட குறும்படத்தை ஒருக்காப் பாருங்கோ, ரெண்டு நிமிஷம் அளவுதான், ரெண்டு மேசை லாம்பும் பந்தும், மூஞ்சையும் இல்லை பேச்சும் இல்லை, ஆனா எது பெரிய ஆள் எது குழப்படிப் பிள்ளை எண்டு ஒருத்தரும் சொல்லாமலே விளங்கும், ஏன் எண்டால் அதுகளின்ர பாரம் சரியா இருக்கு. அதே ஆக்கள்தான் 1995ல டொய் ஸ்டோரி செய்தது, முழுக்கக் கொம்பியூட்டரில செய்த முதல் முழுநீளப் படம். பிளெண்டர் சும்மா கிடைக்குது எண்டு அதையும் குறைவா எடைபோடாதேங்கோ, 2025ல ஒஸ்கார் எடுத்த ஃப்ளோ, அந்தப் பூனைப் படம், இதிலதான் செய்தது.

சரி, வேலைக்கு வருவம். ஒரு ஸ்ஃபியர் (உருண்டை) எடுத்து பழத்தின்ர அளவுக்குச் சின்னதாக்கி, கறுப்பு நிறம் குடுங்கோ, வடிவு பாத்து மினக்கெட வேண்டாம். பிரேம் ரேட் 24ல (செக்கனுக்கு 24 படம்) இருக்கோ எண்டு பாருங்கோ. 1ஆவது பிரேமில பழத்தை 10 மீற்றர் உயரத்தில வைச்சு கீஃபிரேம் (அந்த பிரேமில பழம் எங்க நிக்குது எண்ட பதிவு) போடுங்கோ. 10 மீற்றரில இருந்து விழுற சாமான் நிலத்துக்கு வர 1.4 செக்கன் அளவு எடுக்கும், அதாவது 34 பிரேம், அப்ப 35ஆவது பிரேமில பழத்தை நிலத்தில முட்ட வைச்சு இன்னொரு கீஃபிரேம்.

இப்ப பிளே பண்ணினால் பழம் நிலத்துக்குக் கிட்ட வந்து பிரேக் பிடிக்கும். இதுதான் கனபேர் கவனிக்காத இடம். பிளெண்டர் தன்ரபாட்டில தொடக்கத்தையும் முடிவையும் மெதுவாக்கிப் போடும், ஆனா விழுற சாமான் போகப் போக வேகம் கூடத்தானே வேணும். அசைவை ஒரு கர்வாக் (வளைகோடாக்) காட்டுற கிராஃப் எடிட்டரைத் திறந்து முதல் கீஃபிரேமைத் தெரிவுசெய்து, கீ மெனுவில இன்டர்போலேஷன் மோட் எண்டதுக்குள்ள குவாட்ராட்டிக் (போகப் போக வேகம் கூடுற வகை) போடுங்கோ. சரியோ எண்டு பாக்க 18ஆவது பிரேமுக்குப் போங்கோ, பாதி நேரம் முடிஞ்சிருக்கும், ஆனா பழம் கால்வாசித் தூரம்தான் இறங்கியிருக்கும், ஏழரை மீற்றர் உயரத்தில நிக்கவேணும். அஞ்சு மீற்றரில நிண்டால் இன்னும் பழைய கர்வ்தான்.

அடுத்தது விழுந்த பிறகு. கனபேர் இதில பந்து மாதிரித் துள்ள விடுவினம், பனம்பழம் எங்க துள்ளுறது? 'தொப்' எண்டு விழுந்து, மிஞ்சினால் ஒரு சின்ன எழும்பல், பிறகு ஒரு பக்கமா அரைவட்டம் உருண்டு நிக்கும். ஆவணி மாசத்தில ஒரு பனங்காணிப் பக்கம் போய் ஃபோனில ஸ்லோ மோஷனில எடுத்துப் பாத்திட்டுச் செய்யுங்கோ (நேர மரத்துக்குக் கீழ நிண்டு எடுக்காதேங்கோ, மண்டை பத்திரம்).

ரெண்டருக்கு (பிரேமுகளைக் கடைசிப் படமா எடுக்கிறதுக்கு) பிளெண்டரில இருக்கிற ஈவீ எஞ்சினே போதும், ஃப்ளோவும் அதிலதான் ரெண்டர் பண்ணினது, சைக்கிள்ஸ் எண்ட மற்ற, பாரமான எஞ்சினைப் போட்டுப் பழைய லப்டொப்பை வறுக்காதேங்கோ. நேர வீடியோவா எடுக்காமல் பிஎன்ஜி படங்களா ஒவ்வொரு பிரேமையும் சேவ் பண்ணுங்கோ, இடையில கரண்ட் போனாலும் விட்ட பிரேமில இருந்து தொடங்கலாம், கடைசியில எல்லாத்தையும் சேத்து வீடியோ ஆக்கலாம்.

இது சரிவந்தால் அடுத்ததா அதே மரத்தில இருந்து ஒரு காவோலையை விழுத்திப் பாருங்கோ. அதுக்கு குவாட்ராட்டிக் சரிவராது, காத்துப் பிடிக்கும், ஒருக்காச் சறுக்கும், பிரளும், பிறகு மட்டைப் பக்கம்தான் முதல்ல நிலத்தில குத்தும்.