ஒன்பது கோவில், ஒன்பது லிங்க்: ரெஜெக்ஸ் பழகலாம்

இளையாற்றங்குடி தொடங்கி வேலங்குடி வரை நகரத்தார் கோவில்கள் ஒன்பது. அவற்றுக்கு லிங்க் வைத்து காரைக்குடியில் இருக்கும் என் அத்தை மகன் ஒரு ஹெச்டிஎம்எல் பக்கம் தட்டியிருந்தான், ஒன்பதையும் ஒரே வரியில். முகவரிகளை மட்டும் ரெஜெக்ஸ் (எழுத்துகளில் ஒரு வடிவத்தைத் தேடும் குறிமொழி) கொண்டு பைத்தானில் பிரித்தெடுப்போம். கீழே ‘ஏ’ (லிங்க் வைக்கும் டேக், அதாவது ஹெச்டிஎம்எல் குறி), ‘ஹெச்ரெஃப்’ (அதில் முகவரி வரும் இடம்) என்று வரும் இடங்களில் அவற்றின் ஆங்கில எழுத்துகளைத் தட்டுங்கள்.

முதலில் எல்லோரும் எழுதுவது இது:

ஹெச்ரெஃப்="(.*)"

புள்ளி என்றால் ஏதோ ஓர் எழுத்து. நட்சத்திரம் என்றால் எத்தனை முறையும். ஓட்டினால் கோவில்கள் எல்லாம் ஒட்டிக்கொண்டு ஒரே நீள விடையாக வரும். எங்கள் பக்கத்து வீடுகளில் முகப்பில் நுழைந்தால் வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டிப் பின் தெருவில்தான் வெளியே வருவோம். நட்சத்திரமும் அப்படித்தான், வரியின் கடைசி இரட்டை மேற்கோள்வரை போய்விடும். முதல் கதவிலேயே நிறுத்த:

ஹெச்ரெஃப்="([^"]*)"

மேற்கோள் அல்லாத எழுத்துகளை மட்டும் எடு என்று பொருள். பொருந்துவதையெல்லாம் பட்டியலாகத் தரும் ஃபைண்ட்ஆல் கொடுத்ததும் சரியாக 9 வந்தது. பையனுக்கு ஒரே சந்தோஷம். பட்டியலை வாசித்தால் வேலங்குடியைக் காணோம்! அந்த ஒரு லிங்க்கை ஒற்றை மேற்கோளில் தட்டியிருக்கிறான். அதன் இடத்தில் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பு உட்கார்ந்திருக்கிறது. அதைச் சேர்க்கும் ‘லிங்க்’ டேகிலும் ஹெச்ரெஃப் உண்டே. ஒன்று போய் ஒன்று வந்ததால் கணக்கு மட்டும் நேராகிவிட்டது. எண்ணிப் பார்த்தால் போதாது, வாசித்தும் பாருங்கள்.

இரண்டையும் சேர்த்துத் திருத்தியது:

<ஏ [^>]*ஹெச்ரெஃப்=(["'])(.*?)\1

‘ஏ’வும் அடுத்த இடைவெளியும் ‘லிங்க்’ டேகை வெளியே நிறுத்தும். முதல் அடைப்பு எந்த மேற்கோளைப் பிடித்ததோ, அதையே \1 மறுபடி கேட்கும். நட்சத்திரத்துக்குப் பின் வரும் கேள்விக்குறி அதன் பேராசையைக் குறைக்கும். இதை மூன்று ஒற்றை மேற்கோள்களுக்குள் போட்டு, முன்னால் ஆங்கில ‘ஆர்’ எழுத்தைச் சேருங்கள். இல்லாவிட்டால் \1 வேறு எழுத்தாக மாறிவிடும். விடை ஜோடி ஜோடியாக வரும், இரண்டாவதுதான் முகவரி. பெரிய எழுத்தில் தட்டிய டேகுகளுக்கு, பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காத இக்னோர்கேஸ் கொடுங்கள்.

அப்புறம் ஒன்று: <!-- --> குறிக்குள் ஒளித்துவைத்த பழைய லிங்க்கையும் இது அள்ளிவரும். நாமே தட்டிய பக்கத்துக்கு இது போதும். யாரோ எழுதியது என்றால், ஹெச்டிஎம்எல்லைப் படித்துப் பிரிக்கும் பைத்தான் நிரலகமான பியூட்டிஃபுல் சூப்பைப் பயன்படுத்துங்கள்.