'கும்பல்' வேண்டாம், 'அழுத்தக் குழு' என்று எழுதுங்கள்

எங்கள் செய்திப் பிரிவுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர், மலாய் அறிக்கை ஒன்றைத் தமிழாக்கிக் கொண்டுவந்தார். கோலாலம்பூர் செந்தூலில் ஓர் அடுக்குமாடி; மின்தூக்கி பழுதாகி மாதக்கணக்கு ஆகிவிட்டது; மக்கள் மகஜர் கொடுத்திருக்கிறார்கள். 'கும்புலான் பெண்டெசாக்' (அழுத்தக் குழு; 'கும்புலான்' என்றால் குழு) என்பதை 'வற்புறுத்தும் கும்பல்' என்று எழுதியிருந்தார். காதில் விழுந்த ஓசை அப்படியே கைக்கு வந்துவிட்டது. ஆனால் நம் பத்திரிகைகளில் கும்பல் என்றால் குண்டர் கும்பல், கொள்ளைக் கும்பல்தான். படத்தில் மகஜரைப் பிடித்துக்கொண்டு நின்றவர், பதினோராவது மாடிக்குப் படியேறும் ஒரு பாட்டி. அவரைக் கும்பலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

சரி, எந்தச் சொல்லை எப்போது போடுவது? முதலில், அவர்கள் தேர்தலில் நிற்கிறார்களா என்று பாருங்கள். நின்றால் அது கட்சி. ஆட்சியில் உட்காராமல், உட்கார்ந்திருப்பவர்களை ஒன்றைச் செய்ய வைக்கப் பார்த்தால் அழுத்தக் குழு. நடுவில் 'க்' கட்டாயம் வேண்டும்.

மலேசியாவில் நேர்மையான தேர்தல் கேட்கும் பெர்சே நல்ல உதாரணம். 2007 நவம்பர் 10-இல் கோலாலம்பூரில் பேரணி நடத்தி, அழியா மை வேண்டும், வாக்காளர் பட்டியலைச் சுத்தம் செய்யுங்கள் என்று கேட்டார்கள். அப்போது எதிர்க்கட்சிகளும் உள்ளே இருந்ததால், அந்தக் காலச் செய்தியில் 'கூட்டு இயக்கம்' என்பதே பொருந்தும். 2010-இல் கட்சிகள் இல்லாமல் பெர்சே 2.0 ஆனது, அதன்பின் அழுத்தக் குழு என்று தயங்காமல் எழுதலாம். அவர்கள் கேட்ட மை 2013 பொதுத் தேர்தலில் விரலுக்கு வந்தது.

'லாபி' வேறு. நாடாளுமன்றக் கூடத்தில் உறுப்பினரைப் பிடித்துப் பேசும் வழக்கத்திலிருந்து வந்த சொல் அது. கதவுக்குப் பின்னால் நடக்கும் பேச்சுக்கு, குறிப்பாகக் கூலிக்குப் பேசுபவர்களுக்கு, அதை வைத்துக்கொள்ளுங்கள். தெருவில் பதாகை பிடிப்பவர்களுக்குப் போடாதீர்கள்.

பதிவு பெற்ற அமைப்புக்கு அதன் சொந்தப் பெயரே முதலில் வரட்டும். 1969-இல் தொடங்கிய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தனி ஆட்களின் புகாரையும் கவனிக்கிறது. ஒரு சட்டத்தை மாற்றச் சொல்லும்போது மட்டும், 'அழுத்தக் குழுவாகச் செயல்படுகிறது' என்று சேர்த்தால் போதும்.

தலைப்பில் இடம் குறைவு. அங்கே வகைப் பெயரைவிடக் கோரிக்கைதான் முக்கியம். தம்பியே திருத்தி எழுதினார்: 'மின்தூக்கி கேட்டு செந்தூல் குடியிருப்பாளர்கள் மகஜர்'. அப்படியே அச்சுக்குப் போனது.