ஒரு லூப் சரிதான் என்று காகிதத்தில் நிறுவுவது எப்படி?

'மென்பொருள் பொறியியல்' என்ற பெயர் பரவியது 1968-இல் ஜெர்மனியின் கார்மிஷ் நகரில் நடந்த நேட்டோ மாநாட்டுக்குப் பிறகு. அந்தப் பெயருக்குத் தேவையான கணிதத்தை மறு ஆண்டே கணினி அறிவியலாளர் டோனி ஹோர் எழுதிவிட்டார்: கோட் ஓடுமுன் எது உண்மை, ஓடியபின் எது உண்மை என்று எழுதி, இரண்டுக்கும் நடுவே நிரூபணம் போடுவது. முழு சிஸ்டத்துக்கும் இதைச் செய்யப் போனால் வேலை நகராது. சந்தேகத்துக்குரிய ஒரு லூப்புக்கு, அதாவது திரும்பத் திரும்பச் சுற்றும் கோட் பகுதிக்கு, செய்யுங்கள். பைனரி தேடலையே எடுத்துக்கொள்வோம்: நடுவில் உள்ள எண்ணைப் பார்த்து, தேடும் பகுதியை ஒவ்வொரு சுற்றிலும் பாதியாக்கும் முறை.

முன்நிபந்தனை: அர்ரே (எண்களின் பட்டியல்) ஏறுவரிசையில் இருக்கிறது. தேடும் பகுதியின் எல்லைகள்: கீழ் = 0, மேல் = கடைசி இடம். கீழ் ≤ மேல் என்றிருக்கும்வரை லூப் சுற்றும்.

அடுத்து, ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் மாறாமல் நிற்கும் வாக்கியம்: 'தேடும் எண் அர்ரேயில் இருந்தால், அது கீழ் முதல் மேல் வரைக்குள்தான் இருக்கும்.' பலர் தடுமாறுவது இங்கேதான். கோடை எழுதிவிட்டு இந்த வாக்கியத்தைத் தேடாதீர்கள். இதை எழுதினால் கோட் தானாக வரும். நடுவில் உள்ள எண் தேடும் எண்ணைவிடச் சிறியதா? வரிசைப்படி அதற்கு இடப்பக்கம் உள்ளவையும் சிறியவையே. ஆகவே கீழ் = நடு + 1 என்று வைத்தாலும் வாக்கியம் உடையாது. பெரியதாக இருந்தால் மேல் = நடு − 1. சமமென்றால் வேலை முடிந்தது.

லூப் நிற்குமா என்பது தனிக் கேள்வி. மேல் − கீழ் + 1 ஒவ்வொரு சுற்றிலும் குறைய வேண்டும். '+ 1' விட்டுப்போய் கீழ் = நடு என்று எழுதினால், கீழ் 4, மேல் 5 ஆகும்போது நடுவும் 4. கீழ் மறுபடி 4. லூப் முடியவே முடியாது.

இவ்வளவு செய்தும் ஓட்டை விழலாம். நடு = (கீழ் + மேல்) / 2 என்ற வரி கணிதத்தில் சரி; 32 பிட் முழு எண்ணில் தவறு. கீழ் 120 கோடி, மேல் 140 கோடி என்றால் கூட்டல் அதன் உச்ச எல்லையான 2147483647-ஐத் தாண்டி, −1694967296 ஆகிவிடும், நடுவும் எதிர்மறையாகும். ஜாவாவின் நூலகத்திலேயே இந்த வரி பல ஆண்டுகள் இருந்து, 2006-இல்தான் அம்பலமானது. தப்பு நிரூபணத்தில் இல்லை, எண்ணுக்கு எல்லையே இல்லை என்ற அனுமானத்தில். நடு = கீழ் + (மேல் − கீழ்) / 2 என்று எழுதுங்கள்.

வாக்கியங்களை அசெர்ட்டாக, அதாவது பொய்யானால் நிரலை நிறுத்தும் சோதனையாக, கோடிலேயே வையுங்கள். ஜாவாவில் அசெர்ட் இயல்பாக அணைந்திருக்கும், டெஸ்ட்டில் இயக்கிவிட வேண்டும். ஏறுவரிசையா என்ற சோதனையை மட்டும் பயனர்கள் ஓட்டும் புரொடக்‌ஷனுக்கு அனுப்பாதீர்கள்: அது அர்ரே முழுவதையும் படிக்கும், பைனரி தேடலின் வேகமே போய்விடும்.