நகருக்குள் குறைந்த விலை அடுக்ககம்: வரைபடத்திலேயே நடக்கும் தவறுகள்

சென்னையில் புளியந்தோப்பு, வியாசர்பாடி, சைதாப்பேட்டை பக்கம் காலி இடம் என்றால், பழைய குடியிருப்பை இடித்த மனையாகவோ இரண்டு கட்டடங்களுக்கு நடுவே கிடக்கும் துண்டு நிலமாகவோதான் இருக்கும். ஆனாலும் அங்கேதான் வீடு கட்ட வேண்டும். நகரின் ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்ட குடும்பங்கள் பிழைப்பையும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் இழந்து பட்ட பாட்டைப் பார்த்துவிட்டோம். அதனால் உள்ளூர் மனையில் எத்தனை வீடு வரும் என்று முதலிலேயே கணக்குப் போடத் தோன்றுவது இயல்புதான். ஆனால் பெரும்பாலான தவறுகள் அந்தக் கணக்கில்தான் தொடங்குகின்றன.

வீடு கூட வேண்டும் என்றால் மாடியைக் கூட்டு என்பது முதல் அவசரம். தரைத்தளமும் மூன்று மாடியும் வரை படிக்கட்டிலேயே காலம் தள்ளலாம். அதற்கு மேல் போனால் லிஃப்ட், ஜெனரேட்டர், பெரிய மோட்டார், தீயணைப்பு ஏற்பாடு என்று வரிசையாக வரும். கட்டும் செலவுக்கு மானியம் உண்டு, கடன் உண்டு. மாதாமாதம் வரும் பராமரிப்புச் செலவுக்கு? நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துச் சம்பாதிக்கும் பெண் அதையும் எங்கிருந்து கட்டுவார்? லிஃப்ட் நின்றுபோனால் ஏழாவது மாடியில் இருக்கும் மூட்டுவலிக்கார அம்மா கீழே இறங்கவே முடியாது. குறைந்த விலை வீடு என்றால் குடியேறிய பிறகும் செலவு குறைவாக இருக்க வேண்டும்.

உயரம் இல்லாமலும் அடர்த்தி வரும். 1977-இல் உலக வங்கிக் கடனுதவியோடு தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் அரும்பாக்கம், வில்லிவாக்கம், முகப்பேர் பகுதிகளில் சிறுசிறு மனைகளைச் சாலை, தண்ணீர், கழிவுநீர் வசதியோடு கொடுத்தார்கள். கையில் காசு சேரச் சேர மக்களே மாடி எடுத்துக்கொண்டார்கள். நெருக்கமான மனைகள், அதிக உயரமில்லாத வீடுகள் என்ற அந்த முறையைத் துண்டு நிலங்களிலும் முயன்று பார்க்கலாம்.

அடுத்தது கார். ஒரு காரை நிறுத்தவும் அது வந்து திரும்பவும் சேர்த்து ஏறக்குறைய 25 சதுர மீட்டர் போகும். பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தில் நலிந்த பிரிவினருக்கான வீட்டின் உட்பரப்பே சுமார் 30 சதுர மீட்டர்தான்! குடியிருப்பவர்களிடம் இருப்பது பைக்கும் சைக்கிளும் தள்ளுவண்டியும் என்றால், தரைத்தளம் முழுவதையும் காருக்குத் தாரைவார்ப்பது அநியாயம். விதிகள் அனுமதிக்கும் அளவுக்குக் கார் நிறுத்தும் இடத்தைக் குறைத்துக் கேட்க வேண்டும்.

காற்று விஷயத்துக்கு வருவோம். நடுவில் ஒரு தாழ்வாரம், இரு பக்கமும் வரிசையாக வீடுகள் என்று வரைந்தால் எண்ணிக்கை நன்றாக வரும். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே பக்கம்தான் ஜன்னல். சென்னைப் புழுக்கத்தில் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறினால்தான் உடம்பு தாங்கும். சமையலறையும் கழிப்பறையும் இருட்டுக் குழி போன்ற இடுக்கில் திறந்தால், புகையும் ஈரமும் வீட்டுக்குள்ளேயே சுற்றும், சுவர் பூஞ்சை பிடிக்கும். கடல்காற்று பெரும்பாலும் தென்கிழக்கிலிருந்து வருகிறது. அந்தப் பக்கத்தை அடைக்காமல் நடுவே ஒரு முற்றம் விட்டால், இரண்டு மூன்று வீடுகள் குறைந்தாலும் பரவாயில்லை.

வரைபவர்கள் அதிகம் மறப்பது படிக்கட்டையும் வாசலையும்தான். படி ஏறும் இடத்தில் பீரோவும் கட்டிலும் திரும்ப வேண்டும். சாவு விழுந்தால் உடலைக் கௌரவமாகக் கீழே இறக்க வேண்டும், சாமியானா போட நாலு முழம் இடம் வேண்டும். இட்லிக் கடை, இஸ்திரி வண்டி, தையல் மெஷின் எல்லாம் பலருக்குச் சோறு போடுபவை. தரைத்தளத்தில் அவற்றுக்கு இடம் ஒதுக்காவிட்டால் அவை தாழ்வாரத்துக்கு வரும், அப்புறம் ஆக்கிரமிப்பு என்று சண்டை வரும்.

மின்சார மீட்டரையும் மோட்டாரையும் தரையோடு தரையாக வைப்பதும் வழக்கமான தவறு. 2015 டிசம்பர் வெள்ளம் அந்தத் தெருவில் எந்த மட்டம் வரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் கேட்டால் சொல்வார்கள். அதற்கு மேலே ஒரு மேடை கட்டி வைத்தால் போதும், பெரிய செலவில்லை.

இடித்துக் கட்டும் திட்டமென்றால், வேலை முடியும் வரை மக்கள் எங்கே இருப்பார்கள் என்பதையும் வரைபடத்தோடு சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். மனையை இரண்டு பகுதியாகப் பிரித்து, ஒன்றைக் கட்டி முடித்து மக்களைக் குடியேற்றிய பிறகு மற்றதை இடிக்கலாம். அதற்கு வழியில்லை என்றால், பிள்ளைகள் அதே பள்ளிக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் வாடகை வீடு கிடைக்கும் அளவுக்காவது உதவித்தொகை கொடுக்க வேண்டும்.