அமெரிக்காவுக்குச் சுற்றுலா போகிறீர்களா? யாருக்கு எவ்வளவு டிப்ஸ், எப்படிக் கொடுப்பது?

அமெரிக்காவுக்கு முதல்முறை போகிறவர்கள் விசா, விமான டிக்கெட், ஓட்டல் அறை என்று எல்லாவற்றுக்கும் மாதக்கணக்கில் திட்டம் போடுகிறார்கள். டிப்ஸுக்கென்று பணம் எடுத்து வைப்பவர்கள் மிகக் குறைவு. முதல் நாள் சாப்பிட்ட பில் கைக்கு வரும்போதுதான் அந்த யோசனையே வருகிறது. யாருக்குக் கொடுப்பது, எவ்வளவு கொடுப்பது, குறைத்துக் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா என்று குழம்பி, கடைசியில் எதையோ கொடுத்துவிட்டு வருகிறோம். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் இருக்காது.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் கொடுக்கிற ஒவ்வொரு டாலரும் வீண்செலவாகத்தான் தோன்றும்.

அமெரிக்க மத்திய அரசின் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். 2009இலிருந்து இதுதான். டிப்ஸ் வாங்கும் வேலையில் இருப்பவருக்கு முதலாளி தன் கையிலிருந்து மணிக்கு 2.13 டாலர் கொடுத்தால் போதும் என்றும் அதே சட்டம் அனுமதிக்கிறது. 1991இல் வந்த இந்தத் தொகை இன்றுவரை ஏறவில்லை. மீதி 5.12 டாலர் வாடிக்கையாளரின் டிப்ஸிலிருந்து வந்துவிடும் என்பது கணக்கு. வராவிட்டால் முதலாளி அதை நிரப்ப வேண்டும். ஆக, மேஜையில் நீங்கள் வைப்பது அன்பளிப்பு என்பதைவிட, சர்வரின் சம்பளத்தில் உங்கள் பங்கு என்று எடுத்துக்கொள்வதே சரி.

நம்மவர்கள் நிறைய பேர் இருக்கும் டெக்சாஸ், ஜார்ஜியா, வட கரோலினா மாநிலங்களில் இந்த 2.13 டாலர்தான் நடைமுறை. கலிஃபோர்னியா, வாஷிங்டன், ஓரிகன், நெவாடா போன்ற சில மாநிலங்களில் முழுக் கூலியையும் முதலாளியே தர வேண்டும். அங்கேயும் டிப்ஸ் வழக்கம் அப்படியேதான் இருக்கிறது. மாநிலத்துக்கு மாநிலம் கணக்கை மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

படி 1: ஊரிலேயே பணத்தை ஒதுக்குங்கள்

சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும் என்று நினைக்கிறீர்களோ, அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாக எழுதிக்கொள்ளுங்கள். 600 டாலர் என்றால் டிப்ஸுக்கு 120 டாலர். ஓட்டலில் தங்கும் ஒவ்வொரு இரவுக்கும் 3 முதல் 5 டாலர். டாக்சி, பெட்டி தூக்குபவர், சுற்றுலா வழிகாட்டி ஆகியோருக்குத் தனியாக ஒரு தொகை.

இந்தக் கணக்கு பட்ஜெட்டுக்குள் வரவில்லை என்றால், பெரிய ரெஸ்டாரண்ட் ஒன்றைக் குறைத்துக்கொண்டு கவுண்டரில் வாங்கிச் சாப்பிடும் கடைக்குப் போங்கள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு டிப்ஸில் மிச்சம் பிடிப்பதைவிட அது நேர்மையான சிக்கனம். கொடுக்கும் இடத்தில் நின்றுகொண்டு டாலரை ரூபாயில் பெருக்கிப் பார்க்கும் பழக்கமும் வேண்டாம். அந்தப் பெருக்கலை ஊரிலேயே ஒருமுறை செய்து முடித்துவிடுங்கள்.

படி 2: ஒரு டாலர் நோட்டுகள் சேருங்கள்

நம் ஊரில் அந்நியச் செலாவணி மாற்றும் இடங்களில் பெரும்பாலும் 100, 50, 20 டாலர் நோட்டுகளாகத்தான் கொடுப்பார்கள். பெட்டியை அறைக்குக் கொண்டுவந்து வைத்தவரிடம் 50 டாலரை நீட்டிச் சில்லறை கேட்பது இருவருக்குமே சங்கடம். போய் இறங்கியதும் ஏதாவது வாங்கி ஒரு 20 டாலரை மாற்றுங்கள். ஓட்டல் வரவேற்பு மேஜையில் கேட்டாலும் பொதுவாக மாற்றித் தருவார்கள். ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டுகளைப் பர்ஸில் வைக்காமல், எட்டும் சட்டைப் பையில் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். நாணயங்களை டிப்ஸாகத் தராதீர்கள். அங்கே அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ளக்கூடும்.

படி 3: ரெஸ்டாரண்டில் பில்லைப் படியுங்கள்

அதிகம் தடுமாறும் இடம் இதுதான். கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

மெனு கார்டில் இருக்கும் விலையில் வரி சேர்ந்திருக்காது. நியூயார்க் நகரத்தில் நீங்கள் 60 டாலருக்குச் சாப்பிட்டிருந்தால், 8.875 சதவீத விற்பனை வரி 5.33 டாலர் சேர்ந்து பில் 65.33 டாலராக வரும். டிப்ஸை வரிக்கு முந்தைய 60 டாலருக்குக் கணக்கிட்டால் போதும். மனக்கணக்கு சுலபம்: 60இல் பத்தில் ஒரு பங்கு 6, அதை இரட்டித்தால் 12. அதுதான் 20 சதவீதம். இன்றைக்கு நகரங்களில் 18 முதல் 20 வரை வழக்கம். 15 சதவீதம் கொடுத்தால் குறைவாகக் கொடுத்ததாகவே பார்ப்பார்கள்.

எழுதும் முன் பில்லில் ஏற்கெனவே டிப்ஸ் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். ஆறு பேர் அல்லது அதற்கு மேல் போனால் பல ரெஸ்டாரண்டுகள் 18 அல்லது 20 சதவீதத்தைத் தாங்களே சேர்த்துவிடும். மயாமி பீச் போன்ற சுற்றுலாத் தலங்களில் இரண்டு பேர் போனாலும் சேர்ப்பதுண்டு. மொத்தத் தொகைக்கு முந்தைய வரிசையில் ‘கிராஜுவிட்டி’ (டிப்ஸுக்கு இன்னொரு பெயர்) அல்லது ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று ஒரு தொகை இருந்தால், நீங்கள் மறுபடி கொடுக்க வேண்டியதில்லை. பில்லின் அடியில் 18, 20, 22 சதவீதம் என்று அச்சிட்டிருப்பது வெறும் ஆலோசனை. அது உங்கள் கணக்கில் சேராது. சில கடைகளில் அந்தத் தொகைகளை வரியோடு சேர்த்துக் கணக்கிட்டிருப்பார்கள் என்பதால், சொந்தமாக ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

கார்டில் பணம் கட்டும் முறையும் நமக்குப் புதிது. பல இடங்களில் சர்வர் உங்கள் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விடுவார். பயப்பட வேண்டாம், அங்கே அது வழக்கம். திரும்பி வரும்போது இரண்டு சீட்டுகள் கொண்டுவருவார். ஒன்று கடைக்கு, ஒன்று உங்களுக்கு. கடையின் சீட்டில் ‘டிப்’ என்ற கோட்டில் 12.00 என்றும், ‘டோட்டல்’ என்ற கோட்டில் 77.33 என்றும் தெளிவாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். டிப்ஸைப் பணமாகத் தருவதாக இருந்தால், டிப் கோட்டில் ‘கேஷ்’ என்று எழுதிவிட்டு டோட்டலில் 65.33 என்றே போடுங்கள். கோட்டைக் காலியாக விடாதீர்கள். எழுதிய சீட்டை அங்கேயே செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கியிலிருந்து முதலில் 65.33 டாலருக்குத்தான் எஸ்எம்எஸ் வரும். டிப்ஸ் சேர்ந்த தொகை ஓரிரு நாள் கழித்துக் கணக்கில் ஏறும். இரண்டு முறை பணம் போய்விட்டது என்று பதற வேண்டாம்.

தள்ளுபடிக் கூப்பன் பயன்படுத்தினால், தள்ளுபடிக்கு முந்தைய விலைக்கு டிப்ஸ் கணக்கிடுங்கள். சர்வருக்கு வேலை குறையவில்லையே. ‘நம்மூர்க்காரர் கடைதானே’ என்று இட்லி, தோசை சாப்பிட்ட இடத்தில் கையை வீசிக்கொண்டு வருவதும் சரியில்லை. அங்கே பரிமாறுபவருக்கும் இதே சட்டம், இதே கூலி.

சாப்பாடு தாமதமாக வந்தால் டிப்ஸை வெட்டலாமா? சமையலறையில் ஏற்பட்ட தாமதத்துக்கு சர்வர் பொறுப்பாக மாட்டார். பல ரெஸ்டாரண்டுகளில் சர்வர் தன் டிப்ஸிலிருந்து மேஜை துடைப்பவருக்கும் பானம் கலப்பவருக்கும் பங்கு கொடுக்க வேண்டும். அந்தப் பங்கை அன்றைய விற்பனையை வைத்துக் கணக்கிடும் கடைகளில், நீங்கள் எதுவும் வைக்காமல் போனால் அவர் கைப்பணம்தான் கரையும். நடத்தை மோசமாக இருந்தால் மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். டிப்ஸை 10 சதவீதமாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுமே தராமல் எழுந்து வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பஃபே என்றால் 10 சதவீதம் போதும். காபிக் கடையில், கவுண்டரில் நின்று வாங்கும்போது, திரையைத் திருப்பிக் காட்டி 18, 20, 25 என்று கேட்கும். அங்கே ‘நோ டிப்’ என்பதை அழுத்துவதில் எந்தத் தவறும் இல்லை. விருப்பமிருந்தால் ஒரு டாலர். வீட்டுக்கு வாங்கிப் போகும் பார்சலுக்கும் அப்படியே.

படி 4: ஓட்டலில் கண்ணில் படாதவரை மறக்காதீர்கள்

வாசலில் பெட்டியைத் தூக்குபவருக்குப் பெட்டிக்கு 1 முதல் 2 டாலர். காரை நிறுத்திவிட்டு எடுத்து வரும் வேலட்டுக்கு, கார் திரும்ப வரும்போது 2 முதல் 5 டாலர். விமான நிலைய இலவச ஷட்டில் ஓட்டுநர் பெட்டிகளை ஏற்றி இறக்கினால் பெட்டிக்கு ஒரு டாலர். இவர்கள் எதிரில் நிற்பதால் எப்படியும் கொடுத்துவிடுகிறோம்.

அறையைச் சுத்தம் செய்யும் பெண் நம் கண்ணில் படுவதே இல்லை. அந்த ஓட்டலில் இடுப்பொடிய வேலை செய்பவர் அவர்தான். மெத்தையைத் தூக்கி விரிப்பு மாற்றுகிறார், குளியலறையைத் தேய்க்கிறார், குழந்தைகள் சிந்தியதைத் துடைக்கிறார். நாலு நோட்டு கூடுதலாக ஒருவருக்குத் தர முடியும் என்றால் அது இவருக்குத்தான் போக வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கிளம்பும் நாளில் மொத்தமாக வைக்காமல், அறை சுத்தமாகும் ஒவ்வொரு நாளும் காலையில் 3 முதல் 5 டாலர் வையுங்கள். இன்று வருபவரும் நாளை வருபவரும் வேறு ஆளாக இருக்கலாம். மேஜையில் வெறுமனே கிடக்கும் பணத்தை, விருந்தினர் மறந்து வைத்தது என்று நினைத்து அவர்கள் தொட மாட்டார்கள். அதனால் ஒரு தாளில் ‘ஹவுஸ்கீப்பிங், தேங்க் யூ’ என்று ஆங்கிலத்தில் எழுதி, பணத்தோடு தலையணை மேல் வையுங்கள். இப்போது பல ஓட்டல்களில் கேட்டால்தான் தினமும் சுத்தம் செய்கிறார்கள். அப்படிப்பட்ட இடத்தில் கடைசி நாள் டிப்ஸைக் கொஞ்சம் அதிகமாக வையுங்கள். பல நாள் குப்பை அன்றைக்கு ஒரே ஆள் தலையில்தான் விழும்.

லாஸ் வேகஸ், ஹவாய் ஓட்டல்களில் ‘ரிசார்ட் ஃபீ’ என்று ஒரு தொகை வாங்குவார்கள். அது ஓட்டலுக்குப் போகும் கட்டணம். அதைக் கட்டிவிட்டதால் ஊழியர்களுக்குக் கொடுத்ததாக ஆகாது.

படி 5: வண்டியிலும் சுற்றுலாவிலும்

டாக்சிக்கு 15 முதல் 20 சதவீதம். ஊபர், லிஃப்ட் பயணம் முடிந்ததும் செயலியே கேட்கும். 10 முதல் 15 சதவீதம், குறைந்த தூரமென்றால் 2 டாலர்.

நாள் முழுக்கப் பேருந்தில் சுற்றிக்காட்டும் வழிகாட்டிக்கு ஆளுக்கு 5 முதல் 10 டாலர். சில நிறுவனங்கள் ஒரு நாளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணமாகவே வாங்கிவிடும் என்பதால் முன்பதிவுச் சீட்டைப் படித்துப் பாருங்கள். அரிசோனாவின் ஆன்டலோப் கேன்யனுக்குள் வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. அது நவஹோ மக்களின் நிலம். உங்களைக் கூட்டிப்போய், வெளிச்சம் விழும் இடம் பார்த்து உங்கள் செல்போனிலேயே படமும் எடுத்துத் தரும் வழிகாட்டிக்கு ஆளுக்கு 5 டாலராவது கொடுங்கள். ‘இலவச’ நடைச் சுற்றுலாக்களில் வழிகாட்டியின் வருமானமே டிப்ஸ்தான்.

படி 6: பெற்றோரைத் தனியாக அனுப்புகிறீர்கள் என்றால்

மகன், மகள் வீட்டுக்குப் போகும் அப்பா அம்மாவுக்கு வீல்சேர் கேட்டுப் பதிவு செய்வது இப்போது சாதாரணம். 1986இல் வந்த அமெரிக்கச் சட்டத்தின்படி விமான நிறுவனம் அந்த உதவியை இலவசமாகத் தர வேண்டும். டிப்ஸ் கட்டாயமில்லை. இருந்தாலும் குடியேற்ற வரிசை, பெட்டி எடுக்கும் இடம், வாசல் என்று ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டு வருபவருக்கு 5 முதல் 10 டாலர் கொடுப்பது நல்ல வழக்கம்.

அம்மாவின் கைப்பையில் ஐந்து டாலர் நோட்டுகளைத் தனி உறையில் போட்டுக் கொடுங்கள். விமானம் மாறும் நிலையத்தில் தள்ளுபவரும் மாறலாம், அதனால் மூன்று நான்கு நோட்டுகள் இருக்கட்டும். யாராவது பணம் கேட்டு நெருக்கினால் கொடுத்தே ஆக வேண்டியதில்லை என்பதையும் சொல்லி அனுப்புங்கள். கையில் பணம் இல்லையே என்று பயந்துகொண்டு வயதானவர்கள் வீல்சேரை மறுத்துவிட்டு நடக்கக் கூடாது.

படி 7: யாருக்குக் கொடுக்கவே கூடாது

குடியேற்ற அதிகாரி, சுங்க அதிகாரி, பாதுகாப்புச் சோதனை ஊழியர், போலீஸ், கிராண்ட் கேன்யன் போன்ற தேசியப் பூங்காக்களின் ரேஞ்சர்கள் ஆகியோரிடம் எக்காரணம் கொண்டும் பணம் நீட்டாதீர்கள். அதிகாரியிடம் நன்றிக்காக நீட்டினாலும் லஞ்சம் என்றாகிப் பெரிய சிக்கலில் கொண்டுபோய் விடும். விமானப் பணிப்பெண்கள், ஓட்டல் வரவேற்பு மேஜைக்காரர்கள், மருத்துவமனை ஊழியர்கள் ஆகியோருக்கும் தேவையில்லை. நியூஜெர்சியில் பெட்ரோலை நாமே போட்டுக்கொள்ள சட்டம் அனுமதிப்பதில்லை; ஊழியர்தான் போடுவார். அவரும் டிப்ஸ் எதிர்பார்ப்பதில்லை.

படி 8: கொடுக்கும் விதமும், ஊர் திரும்பியபின் ஒரு வேலையும்

நோட்டை மடித்து, முகத்தைப் பார்த்து, ‘தேங்க் யூ’ சொல்லிக் கையில் கொடுங்கள். எண்ணிக் காட்டுவதும், கூட வந்தவரிடம் ‘இது போதுமா’ என்று அவர் எதிரிலேயே கேட்பதும் வேண்டாம். தமிழ் புரியாவிட்டாலும் தொனி புரியும்.

ஊர் வந்ததும் கார்டு ஸ்டேட்மென்டை எடுத்து, நீங்கள் படம் பிடித்த சீட்டுகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். 77.33 என்று எழுதியது வேறு தொகையாக ஏறியிருந்தால், படத்தை அனுப்பி முதலில் ரெஸ்டாரண்டையே கேளுங்கள். எண்ணைத் தவறாகப் படித்துப் பதிவு செய்திருக்கலாம். அவர்கள் திருத்தாவிட்டால் அதே படத்தோடு வங்கியில் புகார் கொடுங்கள்.